யாருக்காகக் கைதட்டுகிறோம்?



சனி, ஞாயிறு இரவு. சாப்பாட்டுத் தட்டோடு வீடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சிறுமி பாடி முடிக்கிறாள். அரங்கத்தில் ஒரு பெண்மணி கண்ணைத் துடைக்கிறார். அதைப் பார்த்து நம் வீட்டுப் பாட்டிக்கும் கண் கலங்குகிறது.

அந்தப் பெண்மணி கலங்கியது இந்தப் பாட்டுக்குத்தானா?

உறுதியாகச் சொல்ல முடியாது. கைதட்டல், சிரிப்பு, வியப்பு என்று பார்வையாளர்களின் ரியாக்‌ஷன்களைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். எந்த முகம் எந்தப் பாட்டுக்கு என்பது எடிட்டிங்கில் முடிவாகும். கூட்டத்தைத் திரட்டித் தருவதற்கே ஆட்கள் இருக்கிறார்கள். வந்து உட்காருபவர்களில் பலருக்கு அது ஒருநாள் கூலி. அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன்.

19-ம் நூற்றாண்டில் பாரிஸ் நாடக அரங்குகளில் சிரிப்பதற்கும், அழுவதற்கும், 'இன்னொரு முறை' என்று கத்துவதற்கும் தனித்தனியாகக் கூலி ஆட்கள் இருந்தார்கள். 1950-களில் அமெரிக்க சவுண்ட் என்ஜினீயர் சார்லஸ் டக்ளஸ் அந்த ஆட்களும் வேண்டாம் என்று செய்துவிட்டார். பதிவு செய்த சிரிப்புகளை ஒரு பெட்டியில் சேர்த்தார். பட்டனைத் தட்டினால் கிளுக்கென்று ஒரு சிரிப்பு, இன்னொன்றைத் தட்டினால் அரங்கம் அதிரும் சிரிப்பு.

காமெடி ஷோவில் இது பெரிய பாதகமில்லை. ஜோக் சுமாராக இருந்தால் நாமே சேனலை மாற்றிவிடுவோம்.

குழந்தைகள் பாடும், ஆடும் போட்டிகள்தான் என்னை உறுத்துகின்றன. தோற்ற பிள்ளையின் உதடு துடிப்பதை குளோஸ்-அப்பில் பிடித்து, சோக இசை சேர்த்து, அம்மாவின் முகத்தை ஸ்லோமோஷனில் மூன்று தடவை காட்டுகிறார்கள். நடுநடுவே கலங்கும் முகங்கள். அந்தப் பிள்ளைக்கு அப்போது தேவை ஒரு டம்ளர் தண்ணீரும் அம்மாவின் மடியும் அல்லவா?

இதையே பார்த்து வளரும் நம் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? பள்ளி ஆண்டு விழாவில் நன்றாகப் பாடிவிட்டு இறங்கும் பிள்ளை, கூட்டம் எழுந்து நின்று ஆரவாரம் செய்யவில்லையே என்று வாடிப்போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாதாரணக் கைதட்டல் அவர்களுக்குப் போதாமல் போய்விட்டது.

டி.வி.யை அணைத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நாளெல்லாம் உழைத்த வீட்டுக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும்தான். பாட்டைக் கேளுங்கள். நடுவர் பேசத் தொடங்கும்போது சவுண்டைக் குறைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் "உனக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். சரணத்தில் சுருதி விலகியதை அது சொல்லலாம். "எனக்குப் பிடிக்கலை" என்றும் சொல்லலாம். மறுக்காமல், ஏன் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்