அரை டிக்கெட் மெனு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஒருவன் போன் செய்தால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும். சொந்தத்தில் யாரோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் போன் செய்பவன் புதிதாக வியாபாரம் தொடங்கியிருக்க வேண்டும். என் நண்பன் இரண்டாவது ரகம்.

"மச்சான், நீ பி.காம்.தானே?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்படி ஆரம்பித்தவர்கள் ஒருவர்கூட இதுவரை கூலி கொடுத்ததில்லை.

"சாயங்காலம் கடைக்கு வா. குழந்தைங்களுக்குத் தனியா ஒரு மெனு போடணும்."

"குழந்தைங்க மெனுவுக்கும் பி.காமுக்கும் என்னடா சம்பந்தம்?"

"பத்திரிகையில வேற எழுதற இல்ல? ரெண்டையும் சேர்த்தா மெனு வந்துடும்."

நண்பன் அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருஷம் பர்ச்சேஸ் பிரிவில் குப்பை கொட்டியவன். நட்டும் போல்ட்டும் வாங்கி அலுத்துப் போய், வேலையை விட்டுவிட்டு, மனைவியின் பன்னிரண்டு பவுனை பேங்கில் வைத்து, ஓ.டி.க்குப் பக்கத்தில் ஒரு கஃபே திறந்திருக்கிறான். எட்டு டேபிள், ஒரு ஏசி. வாசலில் 'ஃபேமிலி கஃபே' என்று போர்டு. வாரநாட்களில் எஸ்டேட் பையன்கள் டீயும் பஃப்ஸுமாக வாடகையைக் கட்டிவிடுகிறார்கள். நகைக்கு வட்டி மட்டும் சனி, ஞாயிறு குடும்பங்களிடமிருந்துதான் வர வேண்டும். அவர்களோ ஒருமுறை வருகிறார்கள். மறுமுறை எதிர்சாரி பிரியாணிக் கடையில் தென்படுகிறார்கள்.

"எல்லாம் குழந்தைங்க பண்ற வேலைடா. அதுங்க அழுதா அப்பன் அம்மா எழுந்து போயிடறாங்க" என்றான்.

ஏற்கெனவே ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருந்தான். டைனோசர் நக்கெட்ஸ், ரெயின்போ நூடுல்ஸ், பஞ்சு மிட்டாய் ஷேக், மயோனைஸ் தோசை, உச்சியில் செர்ரிப் பழமும் முழு வேர்க்கடலையும் வைத்த ஐஸ்க்ரீம். படித்தபோதே எனக்குப் பல் கூசியது.

பென்சிலை எடுத்தேன். பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்கிற துணிச்சாயம் கலப்பதைக் கண்டுபிடித்து, அப்படிப்பட்ட பஞ்சு மிட்டாயை 2024 பிப்ரவரியில் நம் அரசாங்கம் தடை செய்தது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரலில் ஓர் ஆண்டுத் தடை போட்டார்கள். முழு வேர்க்கடலை நாலு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் தொண்டையில் சிக்கினால் ஐஸ்க்ரீம் ஆஸ்பத்திரியில்தான் முடியும். மூன்றையும் அடித்தேன்.

"அப்போ என்னதான் மிச்சம்?"

"டைனோசர்."

"அதை மட்டும் விட்டுடு மச்சான். ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து எண்ணெயில போட்டா ரெண்டு நிமிஷம். மாஸ்டர்கூட வேணாம்."

ஆக, அது குழந்தைக்கான மெனு இல்லை, ஃப்ரீசருக்கான மெனு. இவனை மட்டும் குற்றம் சொல்வானேன்? அமெரிக்காவில் 1920-ல் மதுவிலக்கு வந்து ஹோட்டல்களுக்கு பார் வருமானம் போயிற்று. அடுத்த வருஷமே நியூயார்க்கின் பெரிய ஹோட்டலான வால்டார்ஃப் அஸ்டோரியா குழந்தைகளுக்கென்று தனி மெனு அச்சடித்துவிட்டது. குடிமகன் போன இடத்தில் குட்டி மகன்! அப்போதிலிருந்தே இந்த மெனுவின் மீது முதலாளிகளுக்குத்தான் ஆசை அதிகம்.

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை மூலை டேபிளில் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். (மூன்று டீ. மூன்றுக்கும் பில் போட்டான்.) ஒன்பது குடும்பம், பதினான்கு குழந்தைகள். அதில் எட்டுப் பேர் நூடுல்ஸ் கேட்டார்கள். முடித்தவர்கள் இரண்டு பேர். பாக்கி ஆறு நூடுல்ஸையும் முடித்தவர்கள் ஆறு அப்பாக்கள். கல்யாணமான நண்பர்களே, உங்கள் தொப்பைக்கு நீங்கள் காரணமில்லை, உங்கள் வாரிசுதான். முதலாளிக்கு இதில் ஒரு நஷ்டமும் உண்டு. மிச்சத்தை எப்படியும் தானே சாப்பிட வேண்டிவரும் என்று தெரிந்த அப்பா, தனக்கென்று ஒன்றும் ஆர்டர் செய்வதில்லை. 'எனக்குப் பசியில்லை' என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார்.

ஏழரை மணிக்கு ஒருவர் வந்தார். எஸ்டேட் கம்பெனி ஒன்றின் யூனிஃபார்ம் சட்டை, மனைவி, இரண்டு குழந்தைகள். மெனு கார்டை வலது பக்கத்திலிருந்து படித்தார். விலை வலது பக்கத்தில்தானே இருக்கிறது.

"ஒரு நெய் ரோஸ்ட்டு, ஒரு செட் பரோட்டா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டு காலி பிளேட்."

சப்ளையர் பையன் சுவரைக் காட்டினான். 'எக்ஸ்ட்ரா பிளேட் ரூ.10' என்று நண்பன் எழுதி ஒட்டியிருந்தான். யாரோ ஒரு பிசினஸ் குரு வீடியோவில் சொல்லிக் கொடுத்ததாம். வந்தவர் அதைப் படித்தார். கோபப்படவில்லை. மனைவியைப் பார்த்தார். "ஏசி ஒத்துக்கல தம்பி, பார்சலே கட்டிடுங்க" என்றார். சின்னப் பெண் மட்டும் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"டேபிள் ஃப்ரீ ஆச்சு" என்றான் நண்பன் கல்லாவிலிருந்து.

எனக்கு வாயில் இருந்த டீ இறங்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு போனஸ் தினம். அப்பா எங்கள் எல்லோரையும் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். (பெயர் எதற்கு? இன்றைக்கும் நன்றாக நடக்கிறது.) மூன்று தோசை சொல்லிவிட்டு, எனக்கும் தங்கைக்குமாகக் காலி பிளேட் கேட்டார். சப்ளையர் அதை டேபிளில் வைத்த சத்தம் பக்கத்து டேபிள்காரர்களைத் திரும்ப வைத்தது. அப்பா தன் தோசையில் முக்கால்வாசியை எங்கள் இருவருக்கும் பிய்த்துப் போட்டுவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்தார். அதற்கப்புறம் எந்த போனஸுக்கும் நாங்கள் ஓட்டலுக்குப் போகவில்லை. அம்மாவின் வெங்காய பஜ்ஜிதான்.

நம் ஊரில் குழந்தைகள் மெனு ரொம்ப நாளாக இருக்கிறது சார். அதில் ஒரே ஐயிட்டம்தான்: காலி பிளேட்.

நண்பனிடம் சொன்னேன். "தனி மெனுவெல்லாம் அப்புறம். பெரியவங்க சாப்பிடறதுல அரை பிளேட் போடு. கார்டுலயே விலையோட அச்சடி. யாரும் கேட்டு வாங்கற மாதிரி இருக்கக் கூடாது."

"அரை பிளேட்னா எவ்வளவு? குழந்தைக்குக் குழந்தை மாறுமே?"

அனுபவசாலிகளைக் கேட்கலாம் என்று தேடினேன். உலகத்தில் குழந்தைகள் மெனு போட்டு நம் தமிழ்நாட்டு அரசாங்கத்தைப் போல அடிபட்டவர்கள் குறைவு. 1920-லேயே சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் என்று காஸ்டிங் போட்டுச் சிற்றுண்டி கொடுத்தது. அம்பத்தூரிலிருந்து ரயிலேறினால் மூன்றாவது ஸ்டேஷன் ஆவடி. 1955-ல் அங்கே காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. மறு வருஷம் காமராஜர் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு. 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை, 1998-ல் வாரம் ஒன்று, 2010-ல் வாரம் ஐந்து. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். 'வேண்டாம்' என்று சொல்கிற குழந்தைக்கும் மெனுவில் ஓர் இடம் வைத்தார்கள், பாருங்கள்!

2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது அளவையும் எழுதி வைத்தார்கள். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 15 கிராம் பருப்பு. சமைத்தபின் 150 முதல் 200 கிராம், கூட 100 மில்லி சாம்பார். நண்பனின் ரெயின்போ நூடுல்ஸைச் சமையலறைத் தராசில் வைத்தேன். 380 கிராம். அப்பாக்களின் தொப்பைக்குக் கணக்கு டாலியாகிவிட்டது.

"உப்புமா போடலாமா அண்ணா? செலவு கம்மி" என்றாள் நண்பனின் மனைவி.

"வேணாம்மா. அரசாங்கமே தோத்துப்போன இடம்."

நிஜம்தான். காலை உணவில் திங்கட்கிழமை அரிசி உப்புமா போட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் அசரவில்லை. கடைசியில் 2025-ல் உப்புமாவுக்குப் பதில் பொங்கலும் சாம்பாரும் என்று சட்டசபையிலேயே அறிவிக்க வேண்டியதாயிற்று. ஓட்டுரிமை இல்லாத ஒரு கூட்டம் ஓர் அரசாங்க உத்தரவை மாற்றிக் காட்டியிருக்கிறது. எங்கள் ஆபீஸ் யூனியனால் கேன்டீன் சாம்பாரைக்கூட மாற்ற முடியவில்லை.

உருப்படியான யோசனை சரக்கு மாஸ்டரிடமிருந்து வந்தது. "ஐயிட்டம் எதுவா இருந்தாலும் சரி சார், சின்னப் புள்ளைங்களுது முதல்ல டேபிளுக்குப் போயிடணும். பெரியவங்க இருபது நிமிஷம் தாங்குவாங்க. அதுங்களுக்குப் பசி வந்தா அஞ்சு நிமிஷம்தான், அப்புறம் அழுகை." பிரியாணிக் கடையின் ரகசியம் அதுதான். அங்கே தயாராக அண்டாவில் இருக்கிறது, உட்கார்ந்தவுடன் வந்துவிடுகிறது.

ஆகவே எழுதினோம். காரம் குறைத்து தனிப் பாத்திரத்தில் வைத்த சாம்பாரில் ஏழு குட்டி இட்லி. அரை நெய் ரோஸ்ட். மாதுளை போட்ட தயிர்சாதம். மிளகு, உப்பு தூவிய அவித்த முட்டை. வேண்டாமென்றால் வாழைப்பழம் (அரசாங்கத்திடம் காப்பி). ஒரு கைப்பிடி ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ். கடைசி ஐயிட்டம் நான் தோற்றது. "வீட்ல கிடைக்கிறதையே தின்ன எதுக்குடா இங்க வரணும்?" என்று நண்பன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

சண்டை விலையில் வந்தது. முழு ரோஸ்ட் 80 ரூபாய். அரைக்கு 60 என்றான் அவன்.

"மாவு பாதி, நெய் பாதி, ஒத்துக்கறேன். கேஸ் பாதியா? கரண்ட் பாதியா? வாடகை பாதியா?"

"வாடகையை அந்தக் குழந்தையோட அப்பன் ஏற்கெனவே கொடுத்தாச்சுடா. அது உட்கார்ந்தாலும் உட்காராட்டியும் ஏசி ஓடத்தான் போகுது. இனிமே ஆகற செலவு மாவும் நெய்யும்தான். அதுக்கு மேல வர்ற ஒவ்வொரு ரூபாயும் லாபம்."

இதற்குப் பெயர் மார்ஜினல் காஸ்டிங். மூன்றாம் வருஷத்தில் நான் இதில் 42 மார்க். வாழ்க்கையில் முதல்முறையாக அது உபயோகப்பட்டதில் எனக்கே தொண்டை அடைத்தது. 45 ரூபாயில் சமாதானம் ஆனோம். சுவரிலிருந்த பிளேட் நோட்டீஸைக் கிழிக்க மட்டும் அவனுக்கு மனசு வரவில்லை.

மனைவிதான் எழுந்து போய்க் கிழித்தாள். "ஏங்க, போன மாசம் நம்ம பொண்ணைக் கூட்டிக்கிட்டு பூந்தமல்லியில சாப்பிட்டோமே, நீங்க என்ன கேட்டீங்க?"

நண்பன் கல்லாவில் சில்லறையை எண்ண ஆரம்பித்துவிட்டான்.

டைனோசரையும் முழுசாக விடவில்லை. மாஸ்டரை தோசையிலேயே டைனோசர் ஊற்றச் சொன்னான். முதல் நாள் வந்தது பசுமாடு மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் தமிழ்நாடு மேப். எப்போதோ பூமியிலிருந்து ஒழிந்துபோன ஜந்து என்பதால் யாரும் புகார் சொல்ல முடியவில்லை. குழந்தைகள் வாலிலிருந்து தின்கிறார்கள்.

ஒன்றரை மாசம் ஆகிறது. பவுன் இன்னும் பேங்கில்தான் இருக்கிறது. ஆனால் வட்டி தேதி தவறவில்லை. சனிக்கிழமை எட்டு மணிக்கு மேல் போனால் டேபிள் கிடைப்பதில்லையாம். யூனிஃபார்ம் சட்டைக்காரர் மட்டும் வரவில்லை. அம்பத்தூரில் ஓட்டலுக்கா பஞ்சம்?

போன ஞாயிறு காலை ஆறரைக்கு மறுபடி போன்.

"மச்சான், அரை பிளேட் பிச்சுக்கிட்டுப் போகுது. ஆனா ஒரு பிரச்னை. இருபத்தஞ்சாம் தேதிக்கு மேல எஸ்டேட் பேச்சலர்ஸ் எல்லாம் குழந்தைங்க மெனுவையே ஆர்டர் பண்றானுங்க. நேத்து ஒருத்தன், ஆறடி உயரம், தாடி வேற... டைனோசர் தோசை கேட்கறான்! வயசு வரம்பு போட்டுடட்டுமா?"

"ஒண்ணுதான் சாப்பிட்டானா?"

"எங்க? பத்தலைன்னு இன்னொண்ணு வாங்கினான்."

முழு ரோஸ்ட் 80. இரண்டு டைனோசர் 90.

"வயசு வரம்பெல்லாம் வேணாம்டா" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன்.