‘இது லேபர் மேட்டர்’ என்று திருப்பி அனுப்பலாமா?

சம்பளச் சீட்டில் மாதாமாதம் ‘பி.எஃப்.’ என்று ஒரு தொகையைப் பிடித்திருக்கிறார்கள். பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் எட்டு மாதமாக ஒரு காசு ஏறவில்லை. இரண்டையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு காவல் நிலையம் போகும் தொழிலாளியிடம், “இது லேபர் மேட்டர், லேபர் ஆபீசுக்குப் போங்க” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் எது நடந்தாலும் தொழிலாளர் நீதிமன்றம்தான் கதி. அப்படியே குற்ற வழக்குப் போட்டாலும் கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் ஊரில்தான் போட வேண்டும். காவல் நிலையத்தில் மட்டுமல்ல, வெளியிலும் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். இந்தியச் சட்டத்தில் இதற்கு இடமில்லை.

முதலில், இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கில் 1975-ல் உச்ச நீதிமன்றம், தொழில் தகராறுகள் சட்டம் உருவாக்கிய உரிமைக்கு அந்தச் சட்டம் அமைத்த மன்றத்தில்தான் பரிகாரம் தேட வேண்டும் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு கதவடைத்தது சிவில் கோர்ட்டுக்கு. குற்றவியல் நீதிமன்றத்தைப் பற்றிய கேள்வியே அங்கு எழவில்லை. தொழிலாளர் நீதிமன்றம் ஒருவரை மறுபடி வேலையில் அமர்த்தச் சொல்லலாம், நிலுவைச் சம்பளத்தைக் கொடுக்கச் சொல்லலாம். கையாடல் செய்தவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்துச் சிறைக்கு அனுப்ப அதனால் முடியாது. 1947-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தை மீறிய குற்றங்களைக்கூட, அரசின் அதிகாரம் பெற்ற புகாரின் பேரில் மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும் என்று அதன் 34-ஆவது பிரிவே சொன்னது.

இரண்டாவது வாதம், ‘பி.எஃப். பாக்கி வெறும் பணப் பிரச்சினை’ என்பது. தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப். பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாமல் விடும் முதலாளி, தன்னிடம் நம்பி ஒப்படைத்த பணத்தை மோசடி செய்தவராகவே கருதப்படுவார். பழைய தண்டனைச் சட்டத்தின் 405-ஆவது பிரிவில் இருந்த இந்த விளக்கம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. பங்குக்கும் இதே விதிதான். நம்பிக்கை மோசடிக்கு 5 ஆண்டு வரை சிறை. ‘பி.எஃப். அதிகாரிதான் வழக்குப் போட முடியும்’ என்று சிலர் மடக்குவார்கள். 1952-ஆம் ஆண்டு பி.எஃப். சட்டம் வைத்த அந்த நிபந்தனை அந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களுக்கு மட்டும்தான். நம்பிக்கை மோசடி வழக்கை அது தடுக்காது.

மூன்றாவது, ‘உள் விசாரணை முடியட்டும், பிறகு போலீஸ்’ என்ற வாதம். பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதை நேராகவே மறுக்கிறது: பாதிக்கப்பட்ட பெண் குற்றவியல் புகார் கொடுக்க விரும்பினால் அதற்கு உதவுவது முதலாளியின் கடமை. உள் குழு இருக்கிறது என்பதற்காகக் காவல் நிலையம் இல்லை என்றாகிவிடாது.

கோலார் தங்க வயல் வழக்கு இன்னும் தெளிவானது. 1985-ல் ஒரு பாதுகாப்பு அதிகாரியின் வீட்டில் சோதனை நடந்தது. 4.5 கிராம் எடையுள்ள தங்க உருண்டையும் 1,276 கிராம் தங்க மணலும் கிடைத்ததாகப் போலீஸ் சொன்னது. குற்ற வழக்கும் துறை விசாரணையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. 1986-ல் துறை அவரை வேலையைவிட்டு நீக்கியது. 1987-ல் கோர்ட் அவரை விடுவித்தது. 1999-ல் உச்ச நீதிமன்றம் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம் என்றது. சிக்கலான வழக்குகளில் மட்டும் துறை விசாரணையை நிறுத்தி வைப்பது நல்லது என்றது. இரண்டிலும் சாட்சியம் ஒன்றே, அந்தச் சோதனையையே கோர்ட் நம்பவில்லை என்பதால் வேலை நீக்கத்தை ரத்து செய்தது. ஆக, காத்திருக்க வேண்டியது வந்தால்கூட அது துறை விசாரணைதான்.

நான்காவது, ஊர்ப் பிரச்சினை. ‘மும்பை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம்’ என்று வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், சிவில் வழக்கில் அது செல்லும். ஒரு தனியார் வங்கி ஊழியர்களின் வழக்கில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. குற்ற வழக்குக்கு அந்த வரி பொருந்தாது. அங்கே இடத்தை முடிவு செய்வது சட்டம். இப்போதைய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 197 முதல் 202 வரையிலான பிரிவுகளின்படி, குற்றம் நடந்த இடம், அதன் விளைவு ஏற்பட்ட இடம், பணத்துக்குக் கணக்கு ஒப்படைக்க வேண்டிய இடம், ஏமாற்றுச் செய்தி போய்ச் சேர்ந்த இடம் என எதுவும் போதும். கணக்கு முடித்துக் கொடுத்த சம்பளக் காசோலை திரும்பினால், 2015 திருத்தத்துக்குப் பிறகு, அதை எந்தக் கிளையிலுள்ள தன் கணக்கில் ஊழியர் போட்டாரோ அந்தக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்கு. மதுரைக்காரர் மும்பைக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

எல்லாப் பிணக்கும் குற்றமாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். சம்பளம் தாமதமானது மட்டுமே ஏமாற்று ஆகாது. அதற்குத் தொழிலாளர் துறையே வழி. விமான எரிபொருள் பாக்கி தொடர்பான இந்தியன் ஆயில் வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம், பணத்தை வசூலிக்கக் குற்ற வழக்கை ஆயுதமாக்கும் போக்கைக் கண்டித்தது. அதே தீர்ப்பு, சிவில் பரிகாரம் இருக்கிறது என்பதற்காகக் குற்றப் புகாரைத் தள்ளிவிடக் கூடாது என்றும் சொன்னது. இரண்டாவது பாதி காவல் நிலையங்களை எட்டவே இல்லை.

2024 ஜூலை 1 முதல், குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பதிய வேண்டும் என்கிறது அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. பி.எஃப். மோசடி போன்ற குற்றத்தில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். விசாரிக்காமலே திருப்பி அனுப்ப முடியாது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார் அனுப்ப வேண்டும். அங்கும் அசைவில்லை என்றால், 175(3)-இன் கீழ் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் மனு. அந்த மனுவோடு சேர்க்க வேண்டியவை அந்தத் தொழிலாளியின் கையிலேயே இருக்கின்றன: எட்டு மாதச் சம்பளச் சீட்டும், வரவு ஏறாத பாஸ்புக்கும், எஸ்.பி.க்கு அனுப்பிய தபாலின் ரசீதும்.