வாய்க்கால் முறையும் கைப்பேசிச் செய்தியும்

பயிர்த்தொழிலுக்கு விதையும் எருவும் நீரும் எவ்வளவு அவசியமோ, உரிய காலத்தில் வந்து சேரும் செய்தியும் அவ்வளவு அவசியமாகும். மதகு திறக்கும் நாள், முறை மாறும் வேளை, பூச்சி கண்ட இடம், நெல் கொள்முதல் நடைபெறும் தினம் ஆகிய இவற்றை ஒரு நாள் பிந்தி அறிந்தாலும் குடியானவருக்கு நஷ்டமே. முற்காலத்தில் இவை தண்டோராவினாலும், நீர்க்கட்டி வீடு வீடாகச் சென்று சொல்வதனாலும் தெரிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்துமாறு 2022-ஆம் ஆண்டில் அரசாங்கம் அறிவுறுத்தியது. அதற்கு முன்னரே அவ்விடத்தைக் கைப்பேசிக் குழுக்கள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. எந்தச் செயலி நல்லது, எதனைக் கைக்கொள்ளலாம் என்ற கேள்வி கிராமங்களில் அடிக்கடி எழுகின்றது. செயலியின் பெருமையைக் கொண்டன்றி, கிராம வேலைக்கு அது எவ்விதம் உதவுகிறது என்பதைக் கொண்டே இதனை முடிவு செய்தல் தகும்.

காவிரிப் பாசனத்தில் கடைமடையிலுள்ள ஒரு கிளை வாய்க்காலை உதாரணமாகக் கொள்ளலாம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுவது. 2025-இல் அவ்வாறே திறக்கப்பட்டது. 2024-இலோ, அணையில் நீர் போதாமையால் ஜூலை 28-இல்தான் திறக்கப்பட்டது. ஆகவே பஞ்சாங்கம் போல நாளை நம்பியிருக்க இயலாது; ஆண்டுதோறும் செய்தியை எதிர்பார்த்தே நாற்றுவிட வேண்டியிருக்கின்றது. நீர் குறைந்து முறைப்பாசனம் ஏற்படும்போது நிலைமை இன்னும் நெருக்கடியாகிறது. “புதன் இரவு கீழ்மடைக்கு முறை” என்று செவ்வாய் மாலையில் குழுவில் ஒரு வரி இடப்படுகிறதென்று வைத்துக்கொள்வோர், அதன்மேல் நாற்பது காலை வணக்கப் படங்களும் ஒரு பிறந்தநாள் வாழ்த்தும் வந்து விழுவதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். கீழ்மடைக்காரர் அவ்வரியைக் காணவில்லை, முறை தவறிவிட்டது. குறுவைக்குரிய குறுகிய கால ரகங்களின் நாற்று ஏறக்குறைய 25 நாளில் பிடுங்கி நடவேண்டியது. அது நாற்றங்காலிலேயே முற்றினால் தூர் கட்டுவது குறையும். குழுவிற் புதைந்த ஒரு வரியினால் ஒரு குடும்பத்தின் போகமே குறையலாகும்.

செய்தி எட்டியதை அறிதல்

முதலில் நோக்கவேண்டியது, அனுப்பிய செய்தி உரியவருக்கு எட்டியதா என்பதை அனுப்பியவர் அறிய முடியுமா என்பதே. 2009-இல் தோன்றிய வாட்ஸ்அப் செயலியில், குழுவில் இட்ட செய்தியை அழுத்திப் பிடித்து அதன் விவரத்தைப் பார்த்தால், எவரெவர் படித்தனர், எவரெவர் கைப்பேசிக்கு அது வந்து மட்டும் இருக்கிறது என்பது பெயர்வாரியாகத் தெரியும். டெலிகிராமில் இவ்வசதி சிறிய குழுக்களில் மட்டும், சில நாட்களுக்கே உண்டு. நகரத்து அலுவலகங்கள் விரும்பும் ஸ்லாக் செயலியில் இது அறவே இல்லை. முறை அறிவிப்பவருக்கு இவ்வொரு வசதி மற்றப் பல வசதிகளுக்கும் மேலானது. பெயர் காணாதவருக்கு அன்று மாலையே ஆள் அனுப்பலாமல்லவா?

அலுவலும் அரட்டையும்

இரண்டாவது, அலுவற் செய்தி தனியே நிற்கிறதா என்பது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோ நிறுவனம் 2021-இல் வெளியிட்ட செயலிக்கு ‘அரட்டை’ என்றே பெயர். அப்பெயர் எந்தச் செயலியில் நடக்கும் கிராமக் குழுக்களுக்கும் பொருந்துவதாகவே இருக்கின்றது. ஸ்லாக், மைக்ரோசாப்ட் டீம்ஸ், ஜோஹோ கிளிக் ஆகிய அலுவலகச் செயலிகளில் நீர், விதை, கணக்கு என ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிப் பகுதி ஏற்படுத்தலாம். டெலிகிராமிலும் 2022 முதல் பெரிய குழுவைத் தலைப்புகளாகப் பகுக்க இயலும். வாட்ஸ்அப்பில் இதற்கு நேரான வழி, இரண்டு குழுக்கள் வைப்பதே. ஒன்று அறிவிப்புக்கு, அதில் அட்மின் எனப்படும் நிர்வாகிகள் மட்டுமே எழுதும்படி செய்யும் ஏற்பாடு 2018 முதல் உள்ளது. மற்றொன்று பேச்சுக்கு, அதில் வணக்கமும் வாழ்த்தும் வேண்டுமட்டும் நடக்கலாம். இவ்வெளிய ஏற்பாட்டைச் செய்யாமல் புதிய செயலியைத் தேடுவது, வாய்க்காலைத் தூர்வாராமல் நீர் போதவில்லை என்பதை ஒக்கும்.

குரற்செய்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுதப் படிக்கப் பழகாதவருக்கு அது பெரிதும் அனுகூலமானது. அதனைக் குறை கூறலாகாது. ஆயினும் பின்னர் தேடி எடுப்பது கடினம். குரலோடு நாள், மணி, மடையின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதி இடுதல் நலம். நோய் கண்ட இலையின் படத்தை விவசாய அலுவலருக்கு அனுப்புவோரும் ஒன்று கவனிக்கவேண்டும். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கியே அனுப்புவதால், புள்ளியின் ஓரமும் நிறமும் மங்கிவிடும். அதே படத்தை ஆவணமாக அனுப்பினால் தெளிவு குன்றாது.

பதிவு நிலைத்தல்

மூன்றாவது, நாட்சென்றபின் எடுத்துப் பார்க்க முடியுமா என்பது. கிராம அதிகாரிகள் இதனை விசேஷமாகக் கவனிக்கவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் தம் செய்தியை இரண்டு நாளுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள் எல்லோர் கைப்பேசியிலிருந்தும் நீக்கிவிடலாம். டெலிகிராமில் அதற்குக் கால வரம்பும் பெரிதாயில்லை. ஸ்லாக்கில் பணம் செலுத்தாதவருக்கு, 2022 செப்டம்பர் முதல், கடந்த 90 நாள் செய்திகளே காணக் கிடைக்கும். ஒரு போகத்தின் தகராறு அறுவடைக்குப் பின்னரே பெரும்பாலும் எழுவதாகையால், 90 நாள் பதிவு போதாது. மேலும், 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக அளிப்பதற்கு உரிய சான்றிதழ் வேண்டுமென விதிக்கின்றது. ஆகவே எந்தச் செயலியும் தீர்மானப் புத்தகத்துக்கு ஈடாகாது.

இவ்விஷயத்தில் அலுவலகச் செயலிகளுக்கு ஓர் உண்மையான மேன்மை உண்டு. வாட்ஸ்அப் குழு ஓர் ஆளின் சொந்த எண்ணோடு பிணைந்தது. கிராம நிர்வாக அலுவலர் மாற்றலாகிப் போனால், பழைய பேச்சுக்களும் அவர் கைப்பேசியோடு போய்விடுகின்றன. டீம்ஸ், கிளிக் முதலியவற்றிலோ கணக்கு அலுவலகத்துக்குரியது. பின் வருபவர் முன் நடந்ததை அறிய வழியுண்டு.

எது எவருக்கு ஏற்றது

இவற்றைச் சீர்தூக்கினால் முடிவு எளிதாகும். பாசனதாரர் சங்கத்துக்கும் ஊர்ப் பொது அறிவிப்புக்கும் வாட்ஸ்அப்பே தக்கது. அது பெரும்பாலோர் கையில் முன்னமே இருக்கிறது என்பதும், படித்தவர் பெயரைக் காட்டுகிறது என்பதும் காரணங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தினரைக் கொண்ட அமைப்புகளுக்கும், பிந்திச் சேர்ந்தவர் பழைய அறிவிப்புக்களைப் படிக்கவேண்டிய இடங்களுக்கும் டெலிகிராம் பொருந்தும். ஆனால் அதன் குழுச் செய்திகள், வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் போல, அனுப்புவோரும் பெறுவோரும் மட்டுமே படிக்கத்தக்கவாறு பூட்டப்படுவதில்லையாகையால், வங்கிக் கணக்கு விவரங்களை அங்கு இடலாகாது. 2020-இல் மத்திய அரசாங்கம் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை ஏற்படுத்தும் திட்டத்தைத் தொடங்கியது. அத்தகைய அமைப்புகளில் சம்பளம் பெறும் ஊழியர் சிலர் இருப்பின், கொள்முதல், இருப்பு, விற்பனை ஆகியவற்றுக்கு அலுவலகச் செயலி ஒன்றை அவ்வூழியர் மட்டில் வைத்துக்கொள்வது பயன்தரும். அதனை அங்கத்தினர் எல்லோர்மீதும் சுமத்துவது வீண். நகரத்தில் சிறப்பாயிருக்கிறது என்பதற்காகவே ஒன்றைக் கிராமத்தில் நாட்டுவது, மண் பாராமல் விதைப்பதாகும்.

கைப்பேசி இல்லாதார்

எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இணையத்தோடு கூடிய கைப்பேசி இல்லாதவருக்கு எந்தச் செயலியும் எட்டாது. கடைமடையில் ஓர் ஏக்கர் குத்தகைக்கு உழுபவர், தனித்து வாழும் வயது சென்ற பட்டாதாரர், மகன் வேலைக்குக் கொண்டுபோன கைப்பேசியை இரவில் மட்டும் காணும் தாய் ஆகிய இவர்களே முறை தவறினால் தாங்கமுடியாதவர்கள். இவர்களே குழுவிலும் இல்லாதவர்கள். “குழுவில் போட்டாயிற்றே” என்பது இவர்களுக்குச் சொல்லத்தக்க பதிலன்று. செய்தி அனுப்புவது வேறு, தெரிவிப்பது வேறு. முன்பு வீடுதோறும் சென்ற நீர்க்கட்டி, ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்பவும் போனார். அந்தப் பொறுப்பு கைப்பேசி வந்ததனால் நீங்கிவிடவில்லை.

ஆகவே கிராமந்தோறும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்:

1. அறிவிப்புக் குழுவும் பேச்சுக் குழுவும் வெவ்வேறாக இருக்கவேண்டும்.

2. அறிவிப்புக் குழுவுக்கு நிர்வாகிகள் இருவருக்குக் குறையாமல் இருக்கவேண்டும். ஒருவர் வெளியூர் சென்றாலும் வேலை தடைப்படாது.

3. முறை அறிவிப்பு ஒவ்வொன்றிலும் நாள், மணி, மடை ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கவேண்டும்.

4. அதே அறிவிப்பை ஊராட்சி அலுவலகப் பலகையிலும் தீர்மானப் புத்தகத்திலும் அன்றே எழுதவேண்டும்.

5. கைப்பேசி இல்லாதோர் பட்டியல் ஒன்று தயாரித்து, ஒவ்வொருவருக்கும் நேரிற் சொல்லும் பொறுப்பை அண்டை நிலத்துக்காரர் ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கவேண்டும்.

இவற்றுள் முதல் நான்கும் எளியவை. ஒரு நாளில் செய்து முடிக்கலாம். ஐந்தாவதே சிரமமானது, அதுவே முக்கியமானதும் ஆகும். பெரிய நிலமுடையவர்களும் கிராம அதிகாரிகளும் அடுத்த முறைப்பாசனம் தொடங்குமுன் அப்பட்டியலைத் தயார்செய்து வைப்பார்களாயின், எந்தச் செயலி சிறந்தது என்ற வாதம் தானே அடங்கிவிடும். கடைமடை நாற்றும் முற்றாமல் வயலேறும்.