நூல் பிடிப்பவரும் கோடு வரைபவரும்

"மேஸ்திரிக்கு வரைபடம் படிக்கத் தெரியாது." இந்திய நகரங்களில் சொந்த வீடு கட்டுவோர் கட்டடக் கலைஞரிடமிருந்து ஒருமுறையேனும் கேட்டுவிடும் வாக்கியம் இது. "ஆர்க்கிடெக்டுக்குப் படம் போடத்தான் தெரியும், வேலை தெரியாது" என்பது அதே வாரத்தில் மேஸ்திரியிடமிருந்து வரும் மறுமொழி. வீட்டுக்காரர் இரண்டையும் நம்புகிறார். ஆகவே இருவரையும் ஐயுறுகிறார். தமக்குத் தெரியாத இரு மொழிகளுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளராக நிற்கும் அவருக்கு இதழ்களும் காணொளிகளும் அளிக்கும் அறிவுரை ஒன்றே: நல்லுறவு பேணுக, அடிக்கடி பேசுக, பரஸ்பரம் மதிக்க. மூன்றும் நல்லவைதாம். ஆனால் தனி வீட்டுக் கட்டுமானத்தில் எழும் சச்சரவுகளுள் பெரும்பாலானவை குணக்கேட்டால் எழுவன அல்ல. கட்டுபவர் எந்தக் கட்டத்தில் அழைக்கப்படுகிறார், அவருடைய உழைப்பு எந்த அளவுகோலால் எண்ணப்படுகிறது என்னும் இரண்டு ஏற்பாடுகளே அவற்றின் பிறப்பிடம். அவ்விரண்டையும் தொடாமல் மதிப்பைப் பற்றிப் பேசுவது, சம்பளம் கேட்பவருக்கு வாழ்த்து மடல் அளிப்பதற்கு ஒப்பாகும்.

'ஆர்க்கிடெக்ட்' என்னும் சொல்லின் கிரேக்க மூலம் 'தலைமைக் கட்டுநர்' அல்லது 'தலைமைத் தச்சர்' என்று பொருள்படும். அதன் பின்பாதியான 'டெக்டோன்' என்பதும் வடமொழியின் 'தக்ஷன்' என்பதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. கருவி பிடித்த கையை உள்ளடக்கியே அச்சொல் பிறந்தது. 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் லியோன் பத்தீஸ்தா ஆல்பெர்ட்டி, தச்சரைக் கட்டடக் கலைஞரின் கையிலுள்ள கருவியாக வரையறுத்தபோது அந்தக் கை சொல்லிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியச் சிற்ப நூலான மயமதம் ஸ்தபதி, சூத்திரகிராகி, வர்த்தகி, தக்ஷகர் என நால்வரைப் பேசுகிறது. சூத்திரகிராகி என்பதற்கு நூல் பிடிப்பவர் என்று பொருள். நால்வரும் ஒரே பணியின் படிநிலைகளாகவே அங்கு வைக்கப்படுகின்றனர். இதைக் காட்டிப் பழமையைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்டிருந்த உலகம் அது. கையால் உழைப்பவரைத் தாழ்த்தும் மனநிலை கப்பலில் வந்து இறங்கிய சரக்கு அன்று. கப்பலில் வந்தது வேறொன்று. 1850களில் உருப்பெற்ற பொதுப்பணித் துறையின் வழியே பரவிய ஒப்பந்தப்புள்ளி முறை அது. வரைபடம் முதலில், மதிப்பீடு அடுத்து, கட்டுபவர் கடைசியில் என்பது அதன் வரிசை. சாலைக்கும் பாலத்துக்கும் படைவீட்டுக்கும் அரசுப் பணத்தைக் கணக்குக் காட்ட வகுக்கப்பட்ட அவ்வரிசையே இன்று பெங்களூரின் 30-க்கு 40 அடி மனையில் எழும் வீட்டுக்கும் வேதமாக இருக்கிறது.

அந்த மனைக்குள் நுழைந்தால் காதில் விழும் மொழியையும் கவனிக்க வேண்டும். வட கர்நாடகத்திலிருந்து வந்த சித்தாள், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த கம்பி கட்டுபவர், தமிழோ தெலுங்கோ பேசும் மேஸ்திரி. 'மேஸ்திரி' என்பதே போர்த்துகீசியச் சொல். 'ஜன்னல்' என்பதும் அவ்வாறே. சரக்கும் ஆளும் எங்கெங்கிருந்து வந்தனவோ அங்கிருந்தெல்லாம் சொல்லும் வந்து சேர்ந்த மொழி அது. அதற்கென்று துல்லியமும் உண்டு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை இந்தி பேசும் தொழிலாளி 'சூத்' என்கிறார். தமிழ்த் தச்சர் 'நூல்' என்கிறார். இரண்டும் ஒரே பொருள் தரும் சொற்கள். 12 மில்லிமீட்டர் கம்பி அங்கே 'சார் சூத்', அதாவது நான்கு நூல். சூத்திரகிராகி கையில் பிடித்த நூல், பெயரளவிலேனும் இன்றும் அறுபடவில்லை.

வரைபடமோ மில்லிமீட்டரிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறது. ஓர் அறையின் அகலம் 3000 என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. மேஸ்திரி அதைப் பத்து அடி என்று எடுத்துக்கொண்டால் 3048 ஆகிவிடும். அவர் நாடாவில் மில்லிமீட்டரையே பார்த்து, செங்கல்லுக்குச் செங்கல் சரியாக 3000 விட்டுக் கட்டுகிறார் என்றே வைத்துக்கொள்வோம். இருபுறமும் 12 மில்லிமீட்டர் பூச்சு ஏறியபின் எஞ்சுவது 2976. தொழிற்சாலையில் 3000-க்குச் செய்யப்பட்ட அலமாரி வண்டியில் வந்து இறங்குகிறது. அறைக்குள் நுழைய மறுக்கிறது. "படம் படிக்கத் தெரியாதவர்" என்னும் தீர்ப்பு உடனே வழங்கப்படுகிறது. அந்த 3000 பூச்சுக்கு முந்திய அளவா, பிந்திய அளவா என்பதை வரைபடம் எங்கும் கூறியிருக்கவில்லை. இருபொருள் தரும் வாக்கியத்தை எழுதியவர், அதற்கு ஒரு பொருள் கொண்டவரைப் பார்த்து எழுத்தறிவில்லை என்கிறார்.

இத்தகைய ஐயம் எழும் நேரத்தில் கேட்டுத் தெளிந்திருக்கலாமே என்பார்கள். எப்போது கேட்பது? வழக்கமான நடைமுறையில் வரைபடம் முடிந்து, வீட்டுக்காரர் ஒப்பி, மாநகராட்சி அனுமதியும் பெற்ற பிறகே மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்கப்படுகிறது. எவர் குறைத்துச் சொல்கிறாரோ அவர் வருகிறார். தூணும் இரண்டு உத்தரங்களும் சந்திக்கும் இடத்தில் கம்பிகள் நெருங்கி, 20 மில்லிமீட்டர் ஜல்லி இடையே இறங்காது என்பதைக் கம்பி கட்டுபவர் வரைபடத்தைப் பார்த்த அளவிலேயே சொல்லிவிடுவார். ஆனால் அவர் அதை முதன்முதலாகப் பார்ப்பது சென்ட்ரிங் அடித்து முடித்த பிறகு. அந்நேரத்தில் அவர் சொல்வது ஆலோசனையாகக் கேட்காது, முரண்டாகத்தான் கேட்கும்.

இரண்டாவது ஏற்பாடு இன்னும் கொடியது. அதன் பெயர் சதுர அடி விலை. 'சதுர அடிக்கு இவ்வளவு' என்று பேசி முடிப்பது வீட்டுக்காரருக்கு நிம்மதி தருகிறது, வங்கிக்கும் எளிதாக இருக்கிறது. ஆனால் சதுர அடி என்பது தரையை மட்டும் அறிந்த அளவு. சுவரை அறியாது, உயரத்தை அறியாது. பத்தடி உயரக் கூடத்தைப் பதினான்கு அடியாக்கினால் சுவர் நாற்பது விழுக்காடு கூடும், சாரம் உயரும், பூச்சு கூடும். தரைப்பரப்பு ஓர் அங்குலமும் மாறாது. இரண்டு தள உயரத்துக்குத் திறந்துவிடப்பட்ட கூடமோ இன்னும் வேடிக்கை. தளமே போடாத வெற்றிடத்துக்கு மேஸ்திரி எப்படிப் பரப்புக் கணக்கிட்டுக் கேட்பார்? கேட்காவிட்டால் அவ்வளவு உயரத்துச் சாரத்துக்கு யார் கொடுப்பார்? ஆக, தனி வீடு எதனால் தனி வீடாகிறதோ அந்த ஒவ்வொரு நுணுக்கமும் கட்டுபவரின் சட்டைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. அவர் தம் நட்டத்தை எங்கேயாவது ஈடுகட்டத்தான் வேண்டும். கலவையில் ஈடுகட்டுவார், நீராற்றும் நாள்களில் ஈடுகட்டுவார். பிறகு அதை ஏமாற்று என்கிறோம். ஏமாற்றாமல் பிழைக்க முடியாத கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் எவர் என்று கேட்பதில்லை.

எலிப்பொறிக் கட்டு எனப்படும் சுவரை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு தெளிவாகும். செங்கற்களைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் செங்கல் மிச்சமாகும், சாந்தும் குறையும், வெற்றிடம் வெப்பத்தைத் தடுக்கும். பழகாத கொத்தனாருக்கு அது மெதுவாகவே நகரும் வேலை. சதுர அடிக் கூலியில் அந்தத் தாமதம் அவருடைய இழப்பு. செங்கல் வீட்டுக்காரர் வாங்கித் தருவது என்றால் மிச்சம் முழுவதும் அவருக்கே. கட்டுமானச் செலவில் விழுக்காடாகக் கட்டணம் பெறும் கட்டடக் கலைஞருக்கோ செலவு குறையக் குறைய வருமானமும் குறையும். மூவருள் ஆதாயம் அடைபவர் ஒருவர். அதைச் செய்துதர வேண்டியவர்களோ மற்ற இருவர். இந்தியாவில் இச்சுவர் ஏன் பரவவில்லை என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் தேடுவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

அச்சுவரைக் கேரளத்தில் வேரூன்றச் செய்தவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, இமயமலைப் பகுதியான பித்தோராகரில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர். கற்றறிந்த கட்டடக் கலை அங்கே பயன்படாததை உணர்ந்து, உள்ளூர்க் கட்டுநரிடம் கற்றார். திருவனந்தபுரத்தில் 1970களின் தொடக்கத்தில் அவர் எழுப்பிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் செலவுச் சிக்கனத்துக்காகப் புகழப்படுகிறது. அதைவிட முக்கியமானது அது கட்டப்பட்ட முறை. இடையில் ஒப்பந்தக்காரர் இல்லை. தாம் பழக்கிய கொத்தனார்களோடு பேக்கரே களத்தில் நின்றார். பயன்படுத்திய தாள்களின் பின்புறத்தில் வரைந்தார். சரிவையும் மரத்தையும் கண்டு அங்கேயே மாற்றினார். மங்களூர் ஓடுகளைக் கான்கிரீட்டுக்குள் பதித்த அவருடைய கூரைகளையும் நோக்குக. கான்கிரீட் பளு தாங்காத கீழ்ப்பகுதியில் ஓடு அமர்கிறது. கம்பிகளின் இடைவெளியை ஓட்டின் அளவே முடிவு செய்கிறது. பொறியாளரின் கணக்கும் கம்பி கட்டுபவரின் கையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இல்லாமல் அக்கூரை பிறக்காது.

பேக்கர் ஒரு துறவி, அவரைப் பின்பற்ற இயலாது என்பது எளிதில் எழும் எதிர்வாதம். அது பாதி உண்மை. நாள்தோறும் களத்தில் நிற்க இன்றைய கட்டடக் கலைஞருக்கு நேரமில்லை. வங்கி மதிப்பீட்டைக் கேட்கும். மாநகராட்சி ஒப்புதல் பெற்ற படத்தைக் கேட்கும். ஆனால் பேக்கரோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு 1985இல் திருச்சூரில் தொடங்கப்பட்ட காஸ்ட்ஃபோர்டு நிறுவனம் சான்று. இன்றும் அது வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே கூரையின்கீழ் நடத்துகிறது.

அவ்வாறாயின் 'வடிவமைத்துக் கட்டித் தருகிறோம்' என்னும் பெருநகர நிறுவனங்களே விடையாகிவிடாவா? ஆகா. பேக்கரிடம் இணைந்தவை இரண்டு கைத்திறன்கள். இந்நிறுவனங்களில் இணைபவை பெரும்பாலும் இரண்டு ரசீதுகள். சதுர அடி விலை அங்கே அழகிய கையேடாக அச்சிடப்பட்டிருக்கும், அவ்வளவே வேறுபாடு. மிச்சப்படுத்துவதால் ஆதாயம் அடைபவரே அம்மிச்சம் முறையானதா என்று சோதிப்பவராகவும் இருக்கும்போது வீட்டுக்காரருக்கென்று ஒரு கண் இல்லாமற்போகிறது. சட்டமும் அங்கே அதிகம் துணைவராது. 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம் விற்பனைக்காகக் கட்டுவோரை நோக்கியது. தம் மனையில் தமக்கென வீடு கட்டுபவருக்கு எஞ்சுவன ஒப்பந்தச் சட்டமும் நுகர்வோர் நீதிமன்றமுமே. 1972ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்னும் பட்டத்தைக் காக்கிறதே அன்றி வடிவமைக்கும் தொழிலை அவர்களுக்கு மட்டும் உரியதாக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. பட்டத்தைக் காத்துக்கொள்ளப் போராடிய ஆற்றலில் சிறு பங்கையேனும் களத்தின் மொழியைக் கற்கச் செலவிட்டிருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

செய்யக்கூடியவை அரியவை அல்ல. வரைபடம் பாதி நிலையில் இருக்கும்போதே கட்டுபவரைத் தேர்ந்து, அதைப் படித்துக் குறை சொல்வதற்கென்று அவருக்குத் தனிக் கூலி கொடுக்கலாம். அந்தக் கூலி வேலை அவருக்குக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கே உரியது. பளிங்கு மேடைக்கு யோசிக்காமல் செலவிடும் வீட்டுக்காரர்கள் மேஸ்திரியின் பத்து நாள் அறிவுக்குப் பணம் கேட்டால் திகைப்பார்கள், திகைக்கட்டும். சதுர அடியைக் கைவிட்டு, சுவரைச் சுவராகவும் பூச்சைப் பூச்சாகவும் அளந்து கொடுக்கும் இனவாரி விலைக்கு வர வேண்டும். அளக்கும் முறையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. அரை சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புக்குப் பூச்சுக் கணக்கில் கழிவு இல்லை, மூன்று சதுர மீட்டர் வரையிலான ஜன்னலுக்கு ஒரு முகத்தை மட்டும் கழிக்க வேண்டும் என்பதுவரை இந்தியத் தர நிர்ணயத்தின் 1200ஆம் எண் ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தனி வீட்டு ஒப்பந்தங்களில் காண்பது அரிது. கட்டடக் கலைஞரின் கட்டணத்தை விழுக்காட்டிலிருந்து விடுவித்துத் தொகையாக நிர்ணயித்தால், செலவைக் குறைப்பதற்காக அவரும் தண்டனை பெறமாட்டார்.

வரைபடத்தின் முதல் தாளில், அங்கு வேலை செய்பவர்கள் படிக்கும் மொழியில், சில வரிகள் போதும்: அளவுகள் பூச்சுக்கு முன்பா பின்பா, தளமட்டம் எங்கிருந்து, எத்தனை மில்லிமீட்டர் எத்தனை நூல். அதன்பின் அடித்தள வேலை தொடங்கும்போதே மனையின் ஒரு மூலையில் மூன்றடிக்கு மூன்றடி மாதிரிச் சுவர் ஒன்றை, கட்டடக் கலைஞரும் கொத்தனாரும் அருகருகே நின்று எழுப்ப வேண்டும். கட்டும் முறை, இணைப்பின் தடிமன், பூச்சு முடியும் விளிம்பு, ஜன்னல் சட்டம் அமரும் ஆழம் ஆகிய எல்லாம் அதில் தீர்ந்துவிடும். இருவரும் ஒப்பியபின் அதில் தேதியைக் கீறிவிடலாம். வீடு முடிந்து கடைசிக் கணக்குத் தீரும்வரை அச்சுவரை இடிக்கக் கூடாது.