ஐரோப்பியர் எனப்படுவோர் யார்? பலெர்மோத் தமிழரும் இத்தாலியச் செய்தி ஊடகங்களும்

ஐரோப்பிய நாடாளுமன்றத்திற்கான தேர்தல் 2024ஆம் ஆண்டு யூன் 6ஆம் நாள் முதல் 9ஆம் நாள் வரை 27 நாடுகளில் நடைபெற்றது. 720 உறுப்பினர்களைத் தெரிவு செய்த அத்தேர்தலின் முடிவுகள் வெளியான இரவில், இத்தாலிய ஊடகங்கள் தலைமை அமைச்சர் மெலோனியின் கட்சி ஏறத்தாழ 29 விழுக்காடு வாக்குகளைப் பெற்றதைப் பற்றியே பெரிதும் பேசின. பிரான்சிலோ, அதே இரவு அரசுத்தலைவர் மக்ரோன் தமது நாட்டின் நாடாளுமன்றத்தைக் கலைத்த செய்தி ஏனைய அனைத்தையும் விழுங்கிவிட்டது. யேர்மனிய ஊடகங்கள் ஆளும் முக்கட்சிக் கூட்டணியின் பின்னடைவை அலசின. நடந்தது ஒரே தேர்தல். சொல்லப்பட்டதோ நாட்டுக்கு நாடு வெவ்வேறு கதை.

இது தற்செயலானது அன்று. நாளேடுகள் ஒரு மொழியில் எழுதப்பட்டு, ஒரு நாட்டில் விற்கப்பட்டு, அந்நாட்டு அரசியலைச் சுற்றியே வாழ்கின்றன. ஐரோப்பா முழுமைக்குமென 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'தி யூரோப்பியன்' என்ற ஆங்கில வார ஏடு 1998ஆம் ஆண்டுடன் நின்றுபோனது. எனவே ஐரோப்பா என்பது, ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும் தத்தம் வீட்டுச் சாளரத்தின் ஊடாகத் தெரியும் காட்சியாகவே இன்றும் இருந்து வருகின்றது.

அச்சாளரத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலும் 'வெளியாள்' ஆகவே தோன்றுகின்றது. 2013ஆம் ஆண்டு ஒக்ரோபர் 3ஆம் நாள் லம்பெதூசாத் தீவுக்கு அருகே படகு கவிழ்ந்து 368 பேர் உயிரிழந்தனர். 'ஐரோப்பா நம்மைத் தனித்து விட்டுவிட்டது' என்ற குரல் இத்தாலிய ஊடகங்களில் ஓங்கி ஒலித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில், 'இத்தாலி வருவோரைப் பதியாமல் வடக்கே அனுப்பி விடுகின்றது' என்ற குற்றச்சாட்டு வட நாடுகளில் எழுந்தது. இரண்டிலும் பாதி உண்மை உண்டு. முதலில் கால்பதித்த நாடே புகலிடக் கோரிக்கைக்குப் பொறுப்பு என்று விதிக்கும் டப்ளின் ஒப்பந்தம் 1990ஆம் ஆண்டு கைச்சாத்திடப்பட்டது. அதில் ஒப்பமிட்டவர்கள் யாரோ அயலார் அல்லர். இத்தாலி உட்பட அந்தந்த நாட்டு அரசுகளே. இந்த மீதிப் பாதி செய்திகளில் எளிதில் மறைந்துபோகின்றது. புகலிடம் தேடி அலைந்த காலத்தில் அவ்விதியின் சுமையை நேரில் அறிந்த தமிழ்ப் பெற்றோருக்கு இதனை எவரும் விளக்கத் தேவையில்லை. ஆயின் அவர்களுடைய பிள்ளைகள் இதனை அறிவார்களா என்பதே கேள்வி.

பலெர்மோவில் வளரும் தமிழ்ப் பிள்ளை செய்திகளில் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு சொல் 'எக்ஸ்ட்ராகொமுனித்தாரியோ' என்பதாகும். ஐரோப்பியச் சமூக அமைப்புக்குப் புறத்தேயுள்ள நாட்டவர் என்பதே அதன் நேர்ப்பொருள். சட்டப்படி நோக்கின் அமெரிக்கரும் சுவிஸ் நாட்டவரும் அச்சொல்லுக்குள் அடங்குவர். 2020ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு நீங்கியதும் ஆங்கிலேயரும் அடங்கினர். எனினும் சிசிலிக்கு வந்து மாளிகை வாங்கும் ஆங்கிலேயரை எந்த ஏடு அச்சொல்லால் சுட்டுகின்றது? வீட்டுப் பணிக்குச் செல்லும் தமிழருக்கும், கடலோரத்தில் பொருள் விற்கும் ஆபிரிக்கருக்குமே அச்சொல் உரியதாயிற்று. சட்டத்தில் பிறந்த சொல், ஊடக வழக்கில் வறுமைக்கும் நிறத்திற்கும் மறுபெயராகிவிட்டது.

இதன் வேர் 1992ஆம் ஆண்டில் உள்ளது. அவ்வாண்டு பெப்ரவரி 5ஆம் நாளிட்ட 91ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், ஐரோப்பியச் சமூக நாட்டவர் நான்கு ஆண்டுகள் வதிந்தபின் இத்தாலியக் குடியுரிமை கோரலாம் என்றது. ஏனையோர் பத்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றது. இரண்டு நாட்களின் பின், பெப்ரவரி 7ஆம் நாள், ஐரோப்பியக் குடியுரிமை என்ற கருத்தை நிலைநாட்டிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒரே கிழமையில் ஒரு கதவு அகலத் திறந்தது. மற்றொரு கதவு இறுகியது. பாரிசிலிருந்து பிரெஞ்சுக் கடவுச்சீட்டுடன் வந்து பலெர்மோவில் குடியேறும் தமிழர் ஒருவர், பதிவு செய்துகொண்டு மாநகர முதல்வர் தேர்தலில் வாக்களிக்கலாம். முப்பது ஆண்டுகள் அந்நகரின் வீடுகளையும் முதியோரையும் பேணிய அவருடைய உடன்பிறப்பு, இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருப்பாராயின் வாக்களிக்க முடியாது. இருவரில் ஐரோப்பியர் யார்? இக்கேள்விக்கு விடை குருதியிலோ பண்பாட்டிலோ இல்லை. அலுவலகத் தாள்களில் இருக்கின்றது.

ஊடகங்களின் முன்முடிவு எவ்வளவு கொடியது என்பதை இத்தாலி ஒருமுறை கண்கூடாகக் கண்டது. 2006ஆம் ஆண்டு திசம்பரில் வட இத்தாலியின் ஏர்பா என்னும் சிற்றூரில், குழந்தை ஒன்று உட்பட நால்வர் கொல்லப்பட்டனர். குழந்தையின் தந்தையான துனீசிய நாட்டவரே கொலையாளி என ஊடகங்கள் உடனே அறிவித்துவிட்டன. அவரோ அவ்வேளை துனீசியாவில் இருந்தார். மனைவியையும் பிள்ளையையும் இழந்தவர் அவரே. பின்னர் ஆயுள் தண்டனை பெற்றவர்கள் அயல்வீட்டு இத்தாலியத் தம்பதியினர். இதனைத் தொடர்ந்து ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையகம் எழுப்பிய கேள்விகளின் விளைவாக, 2008ஆம் ஆண்டு 'உரோமைச் சாசனம்' எனும் ஒழுக்கக்கோவையை இத்தாலியச் செய்தியாளர் அமைப்புக்கள் ஏற்றுக்கொண்டன. புகலிடம் கோருவோரையும் குடிபெயர்ந்தோரையும் குறிக்கையில் சட்டப்படி சரியான சொற்களையே கையாள வேண்டும் என்பது அதன் முதன்மையான கோரிக்கை. ஆகவே, தவறான சொல்லைக் காணும் வாசகர் ஆசிரியருக்கு எழுதும்போது கெஞ்ச வேண்டியதில்லை. அவர்களே ஏற்ற விதியைச் சுட்டிக்காட்டினால் போதும்.

பலெர்மோவுக்கே நேர்ந்ததும் நினைவுகூரத்தக்கது. உள்துறை அமைச்சர் சல்வீனியின் 2018ஆம் ஆண்டுப் பாதுகாப்பு ஆணை, புகலிடம் கோருவோரை நகரசபையின் வதிவோர் பதிவேட்டில் சேர்ப்பதைத் தடுத்தது. 2019ஆம் ஆண்டு சனவரியில் மாநகர முதல்வர் லியோலூகா ஒர்லாண்டோ அதனைத் தமது நகரில் நடைமுறைப்படுத்துவதை நிறுத்தி வைத்தார். தேசிய ஊடகங்களுக்கு இது இரு அரசியல்வாதிகளின் மற்போராகவே தென்பட்டது. பதிவேட்டில் பெயர் இல்லையேல் ஒரு மனிதரின் அன்றாட வாழ்வு எவ்வாறு முடங்கும் என்பது செய்தியின் அடியில் புதைந்தது. 2020ஆம் ஆண்டு யூலையில் அத்தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்வகைப் பார்வையின் வலியைப் பலெர்மோ மக்களும் அறிவர். மிலானிலும் தூரினிலும் உரோமையிலும் பிறந்த பேரேடுகளுக்கு அந்நகரம் நெடுங்காலம் மாபியாவின் ஊர் மட்டுமே. அக்கொடுமையை உள்ளிருந்தே எதிர்த்து எழுதியது 'லோரா' என்ற பலெர்மோ நாளேடு. 1958ஆம் ஆண்டு அதன் அச்சகத்தில் குண்டு வெடித்தது. 1970ஆம் ஆண்டு அதன் செய்தியாளர் மௌரோ டி மௌரோ கடத்தப்பட்டுக் காணாமற்போனார். 1992ஆம் ஆண்டு அவ்வேடும் மூடப்பட்டது. தம்மைப் பற்றிப் பிறர் எழுதுவதற்கும் தாமே எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்நகரம் விலைகொடுத்து அறிந்துள்ளது. பெலெகிரீனோ மலையில் புனித உரோசாலியாளின் திருத்தலத்திற்கு ஏறும் கத்தோலிக்க, சைவத் தமிழரின் ஒளிப்படங்கள் ஏடுகளில் அழகுற வெளிவருவது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் படத்தில் இருப்பவர்களின் கருத்து, வாக்குரிமை, வேலை நிலைமை என்பன அதே ஏட்டின் அரசியற் பக்கத்தில் எத்தனை முறை இடம்பெற்றன?

2025ஆம் ஆண்டு யூன் 8, 9ஆம் நாட்களில், அப்பத்து ஆண்டுக் காத்திருப்பை ஐந்தாகக் குறைக்கலாமா என்று மக்களிடம் பொதுவாக்கெடுப்பு நடத்தப்பட்டது. இது பற்றிப் போதிய செய்திகளை வழங்குமாறு ஒலி, ஒளிபரப்பு நிறுவனங்களைத் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வலியுறுத்த வேண்டியிருந்தது. வாக்களித்தோர் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே. பாதிப் பேரேனும் வாக்களித்திருக்க வேண்டும் என்ற விதியால் முயற்சி தோற்றது. யாருடைய வாழ்வு பற்றி வாக்கெடுப்பு நடந்ததோ, அவர்களுக்கு அதில் வாக்கில்லை. குரலேனும் இருந்திருக்கலாம்.

அக்குரலைத் தமிழரே உருவாக்க வேண்டும். அதற்கு அவர்களிடம் அரியதொரு வாய்ப்பு உண்டு. ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஒருவர் பலெர்மோவிலும், மற்றவர் பாரிசிலும், இன்னொருவர் சூரிச்சிலோ ஒசுலோவிலோ இருப்பது வழமை. ஒரே நிகழ்வை அந்நாட்டு ஏடுகள் எவ்வாறு எழுதின என்று உறவினரான இளையோர் தமக்குள் ஒப்பிட்டுப் பேசினால், பல பல்கலைக்கழகங்கள் கற்பிக்காத பாடம் அது. பெற்றோரும் தாயகச் செய்திகளோடு நின்றுவிடாமல், வாழும் நகரின் செய்திகளையும் பிள்ளைகளுடன் அமர்ந்து வாசித்தல் நன்று. மொழியைப் பிள்ளை விளக்கட்டும். பட்ட வாழ்வைப் பெற்றோர் விளக்கட்டும். இத்தாலியில் பிறந்து தொடர்ந்து சட்டப்படி வதியும் பிள்ளை, 18 வயது நிறைந்த ஓராண்டுக்குள் விருப்பம் தெரிவித்துக் குடியுரிமை பெறலாம் என்பதையும், அதனை முன்கூட்டியே அறிவிக்கும் கடமை நகரசபைக்கு 2013ஆம் ஆண்டு முதல் உண்டு என்பதையும் எந்த வீடும் மறத்தல் ஆகாது.

பலெர்மோவின் சீசா மாளிகை அருங்காட்சியகத்தில் 1149ஆம் ஆண்டின் கல்லறைக் கல் ஒன்று உள்ளது. தன் தாயின் நினைவாக ஒரு கிறித்தவக் குரு நாட்டிய அக்கல்லில் இலத்தீன், கிரேக்கம், அரபு, எபிரேய எழுத்தில் அரபு என நான்கு வகையாகச் செய்தி பொறிக்கப்பட்டுள்ளது. அன்று அந்நகரில் வாழ்ந்த அனைவருக்கும் அச்செய்தி சென்றடைய வேண்டும் என அவர் கருதினார் போலும். ஐரோப்பா எனப்படுவது ஒற்றை மொழியும் ஒற்றைப் பார்வையும் அன்று என்பதற்கு அக்கல் சான்று. அதனைத் தமிழ்ப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஒருமுறையேனும் காட்டுதல் வேண்டும்.