அகதியின் சிரிப்பு

வல்லத்திராக்கோட்டைக்கு அருகே தோப்புக்கொல்லை என்னும் இடத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன் அங்கிருந்து வந்த ஒரு மாணவன் வகுப்பில் எழுந்து, "சேர், அப்பா உங்களோடு கதைக்க வந்தவர்" என்றான். உபாத்தியாயரை நாற்காலியாக்கிவிட்டானே என்று வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன். பையன் சிரிக்கவில்லை. அன்று முதல் அவன் வகுப்பில் தானாக வாய் திறந்ததே கிடையாது.

'மோ' என்ற தொலைக்காட்சி ஹாஸ்யத் தொடரைப் பார்த்தபோது அந்தப் பையனின் முகம் என் நினைவுக்கு வந்தது. 2022-ல் நெட்பிளிக்ஸில் வெளியான தொடர் அது. இதை ஆக்கியவர்களில் ஒருவரும் கதாநாயகராக நடித்தவருமான மோ ஆமர், பாலஸ்தீனப் பெற்றோருக்குக் குவைத்தில் பிறந்தவர். வளைகுடா யுத்தத்தின்போது வீட்டைத் துறந்து, ஒன்பது வயதில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்துக்கு வந்தவர். 2009-ல்தான் அவருக்கு அந்நாட்டுப் பிரஜா உரிமை கிடைத்தது.

தொடரில் வரும் மோவின் குடும்பமும் அடைக்கலம் கேட்டு இருபது வருஷத்துக்கு மேலாகக் காத்திருக்கிறது. கையில் காகிதமில்லை; ஆகவே இருந்த வேலையும் போகிறது. வயிற்றுப்பாட்டுக்காகக் காரின் பின்புறத்தில் போலிச் சரக்கை வைத்து விற்கிறான். இப்படிப்பட்ட மனிதனிடம் கடையில் ஒரு பெண், சாக்லேட் கலந்த ஹம்மஸை நீட்டிச் சுவைத்துப் பார்க்கச் சொல்கிறாள். அவனுக்கு வருகிற ரோஷத்தைப் பார்க்கவேண்டுமே! நம் வீட்டுப் பாட்டியிடம் சாக்லேட் சாம்பாரை நீட்டினால் என்ன நடக்குமோ அதுதான் அங்கும் நடக்கிறது. நாடும் வீடும் போனவனுக்கு நாக்கின் ருசி ஒன்றுதானே மிச்சம்?

கானடாவில் 2007 முதல் 2012 வரை நடந்த 'லிட்டில் மாஸ்க் ஆன் தி ப்ரைரி' என்ற தொடரும் இந்த ரகத்தைச் சேர்ந்ததே. ஜர்கா நவாஸ் என்ற முஸ்லிம் மாது ஆக்கியது. வக்கீல் தொழிலை விட்டு இமாமாகப் புறப்பட்ட இளைஞன், விமான நிலையத்தில் தொலைபேசியில் வீட்டு விவகாரம் பேசும்போது "குண்டு", "தற்கொலை" என்ற சொற்கள் வாயில் வந்துவிடுகின்றன. உடனே போலீஸார் பிடித்துக்கொள்கிறார்கள். நாம் சிரிப்பது அவனைப் பார்த்தல்ல. ஊராரின் சந்தேகத்தைப் பார்த்து.

"துன்பப்பட்டவர்களைப் பற்றி விகடம் செய்யலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். என் அபிப்பிராயம் இது: சிரிப்பு ஓய்ந்தபின் அந்த மனிதன் மேலும் பேசுகிறானா, வாயை மூடிக்கொள்கிறானா என்று பாருங்கள். பேசினால் அது ஹாஸ்யம். வாயை மூடிக்கொண்டால் அது பரிகாசம்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வட இலங்கை முஸ்லிம்கள் பலர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தார்கள். அவர்களும் நம்மைப்போல் தமிழ் பேசுகிறவர்களே. அவர்கள் வீட்டுச் சிரிப்பையும் ஒருநாள் அவர்கள் வாயாலேயே நாம் கேட்கவேண்டும்.

இவ்வருஷம் முகாமிலிருந்து ஒரு பெண் என் வகுப்புக்கு வந்திருக்கிறாள். அவளும் "சேர்" என்றாள், இரண்டொருவர் சிரித்தார்கள். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை. அவளைக் கரும்பலகைக்கு அழைத்து, அவர்கள் வீட்டுச் சொற்களை எழுதச் சொன்னேன். கதிரை, சப்பாத்து, பாண் என்று எழுதினாள். பிறகு திரும்பி நின்று, "நாங்கள் இருப்பது கதிரையில், சேரின் மேல் ஒருநாளும் இருக்கமாட்டோம்!" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. முதலில் சிரித்தவள் அவள்தான்.