மனச்சோர்வு யாருடைய குற்றம்?

மனச்சோர்வு தனிமனிதரின் பலவீனம். மூச்சுப்பயிற்சியால் தீரும் என்று போதிக்கிறார்கள். 2015-16 தேசிய மனநல ஆய்வு உரைப்பது வேறு. வயது வந்த இந்தியரில் இருபதில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இந்நோய்க்கு ஆளாகியுள்ளார். நோயுற்றோரில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர்க்குச் சிகிச்சை கிட்டவில்லை.

2021இல் தற்கொலை செய்துகொண்ட 1,64,033 பேரில் 42,004 பேர் தினக்கூலித் தொழிலாளர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அத்தனைக்கும் மனச்சோர்வே காரணமன்று. ஆனால் கடனும் நிலையற்ற கூலியும் மனத்தை அரிப்பதை மறைப்பது யாருக்கு ஆதாயம்?

மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியது 2017ஆம் ஆண்டுச் சட்டம். அவ்வுரிமை தொலைபேசி ஆலோசனையோடு நின்றுவிடலாகாது. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் மருந்தும் பயிற்சி பெற்ற மருத்துவரும் வேண்டும். உழைப்போர்க்கு நிலையான வேலையும் வாழத்தக்க கூலியும் வேண்டும். இவற்றுக்காகப் போராடுவதும் நோய் தீர்க்கும் பணியே.